வேகமாக வந்த எண்ணை எப்போது நம்பலாம்: டேட்டாபேஸ் வேகச் சோதனையில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ரங்கூனில் பயின்னவுங் சந்தையோடு வியாபாரம் செய்யும் ஒரு பருப்பு மண்டியின் கணக்கு டேட்டாபேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். உளுந்து, துவரை, பச்சைப்பயறு என்று மூட்டை வரவு, லாரி லோடு, கியாட் பாக்கி எல்லாமே போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. பழைய மெஷினை மாற்றும் நேரம் வந்தபோது முதலாளி கேட்டது ஒன்றுதான்: "எது வேகம்னு பார்த்துச் சொல்லு தம்பி, அதையே போட்டுடுவோம்." விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று வரிசையாக அளந்தேன். எல்லாவற்றையும் முந்தியது விண்டோஸ் மெஷினுக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் (மென்பொருளே உருவாக்கும் ஒரு கணினிக்குள்) ஓடிய லினக்ஸ். அதையே போட்டோம்.

மூன்றாவது வாரம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கைவிட்டது. மெஷின் திரும்ப எழுந்தபோது அன்று மாலைப் பில்களில் கடைசிப் பகுதியைக் காணோம், சீக்கிரம் தேடுவதற்கான ஒரு இன்டெக்ஸும் உடைந்திருந்தது. பில் போட்ட பையன் திரையில் 'பதிவானது' என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறான். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தேடினேன். தினமும் முறைவைத்துக் கரண்ட் போகும் ஊரில் இதைத் தெரியாமல் அளக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் குறிப்புகளை அறிகுறி வாரியாகக் கீழே தருகிறேன். போஸ்ட்கிரஸையும் அதோடு வரும் பிஜிபெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியையும் வைத்தே பேசுகிறேன். மற்ற டேட்டாபேஸ்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு. மெஷின் ஒன்று, டிஸ்க் ஒன்று, போஸ்ட்கிரஸ் பதிப்பு ஒன்று, அமைப்புக் கோப்பு ஒன்று. ஒரு பக்கம் 17, இன்னொரு பக்கம் 18 என்று வைத்தால் போச்சு. 18இல் புதிதாக டேட்டாபேஸ் உருவாக்கும்போதே செக்சம் (டேட்டா கெட்டுப்போனதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தானாகப் போடப்படுகிறது, 17இல் நாம் கேட்டால்தான் போடும். சுழலும் டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பார்ட்டிஷன் போட்டு அளக்காதீர்கள். தட்டின் வெளிவட்டம் வேகமாகப் படிக்கும், உள்வட்டம் மெதுவாகப் படிக்கும். அதே பார்ட்டிஷனை ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக நிறுவித்தான் அளக்க வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அறிகுறி: எழுதும் வேகம் நம்ப முடியாத அளவுக்கு வருகிறது

மண்டியில் பில் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்பதால் இதிலேயே அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஒரு பரிவர்த்தனை கமிட் ஆகும்போது, அதாவது உறுதியாகப் பதிவாகும்போது, டேட்டாபேஸ் தன் பதிவேட்டை டிஸ்க்கில் எழுதச் சொல்லிவிட்டு, 'உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கியதா' என்று இயங்குதளத்திடம் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறது. அந்தக் கேள்விதான் எஃப்சிங்க். அளவீட்டில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே. யாராவது ஒருவர் நடுவில் நின்று 'இறங்கிவிட்டது' என்று பொய்ப் பதில் சொன்னால் எண் எங்கேயோ போய்விடும்.

பொய்யைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம். 7200 சுற்று டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரே ஒரு கிளையண்ட், ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று கமிட் செய்தால், சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நொடிக்கு 120க்குப் பக்கத்தில்தான் வர முடியும். அந்த டிஸ்க்கில் ஒரு கிளையண்டுக்கு 3000 வந்தால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் (தற்காலிக நினைவகம்) பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு போட முடியாது. ஆனால் கரண்ட் போனால் தாங்குவதற்குக் கெப்பாசிட்டர் வைத்த சர்வர் வகை எஸ்எஸ்டிக்கும், கடையில் வாங்கும் சாதாரண எஸ்எஸ்டிக்கும் எஃப்சிங்கில் பெரிய இடைவெளி இருக்கும். சாதாரண எஸ்எஸ்டி சர்வர் வகையைப் போல ஓடினால் சந்தேகப்படுங்கள்.

உறுதிசெய்ய, போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவியை ஓட்டுங்கள். எழுதி உறுதிசெய்யும் ஒவ்வொரு முறையும் நொடிக்கு எத்தனை தடவை நடக்கிறது என்று அது காட்டும். எந்தக் கோப்பில் சோதிப்பது என்று சொல்லாவிட்டால், நீங்கள் நிற்கும் அடைவிலேயே கோப்பை உருவாக்கிச் சோதிக்கும். டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்குக்குப் போய் ஓட்டுங்கள். நான் முதல் தடவை வேறு டிஸ்க்கை அளந்துவிட்டு அரை நாள் குழம்பினேன்.

எண் சந்தேகமாக இருந்தால், பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு.

முதலில் மெய்நிகர் இயந்திரம். சில மென்பொருள்களில் உள்ளே இருக்கும் இயங்குதளம் 'டிஸ்க்கில் இறக்கு' என்று சொல்வதை வெளியே இருப்பது வேகத்துக்காகக் காதில் வாங்காமல் விடுவதே இயல்பான அமைப்பு. மண்டியில் நடந்தது இதுதான். டிஸ்க் கேஷ் அமைப்பையும், இறக்கும் ஆணையை மதிக்கச் சொல்லும் அமைப்பையும் தேடிச் சரிசெய்து மறுபடி அளங்கள். எங்கள் மெஷினில் அதைச் சரிசெய்ததும் முதலிடத்தில் இருந்தது கடைசிக்குப் போனது.

அடுத்து மேக். மேக்கில் சாதாரண எஃப்சிங்க், டேட்டாவை டிஸ்க்கிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும். டிஸ்க்கின் சொந்தக் கேஷிலிருந்து இறக்க ஃபுல்எஃப்சிங்க் என்ற தனி ஆணை வேண்டும். போஸ்ட்கிரஸில் வால் சிங்க் மெத்தட் என்ற அமைப்பை எஃப்சிங்க் ரைட்த்ரூ என்று மாற்றினால்தான் அது நடக்கும். எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸில் ஃபுல்எஃப்சிங்க் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். மேக் மடிக்கணினி லினக்ஸ் சர்வரைத் தோற்கடித்தது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு அமைப்பை மாற்றி இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது விண்டோஸ். அங்கே அதே அமைப்பின் இயல்பான முறை ஓப்பன் டேட்டாசிங்க். அதிலும் டிஸ்க்கின் எழுத்துக் கேஷ் இயங்கியபடியே இருக்கலாம். எஃப்சிங்க் முறைக்கு மாற்றுங்கள், அல்லது டிஸ்க்கின் பண்புகளில் எழுத்துக் கேஷை அணையுங்கள்.

நான்காவது இடம் பலருக்குத் தோன்றாது. லினக்ஸில் டேட்டா அடைவை டிஎம்பி என்ற தற்காலிக அடைவுக்குள் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. ஃபெடோராவில் வெகுகாலமாகவும் டெபியனில் 13ஆம் பதிப்பிலிருந்தும் அந்த அடைவு ரேமில்தான் இருக்கிறது. எண் அருமையாக வரும், டிஸ்க்கை அது தொட்டிருக்கவே செய்யாது.

அறிகுறி: இரண்டாம் தடவை ஓட்டினால் படிக்கும் வேகம் பல மடங்கு

முதல் ஓட்டத்தில் டிஸ்க்கிலிருந்து வந்தது இரண்டாவதில் ரேமிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். பிஜிபெஞ்சில் அளவு (ஸ்கேல்) 100 என்றால் கணக்கு அட்டவணையில் ஒரு கோடி வரிசை, கிட்டத்தட்ட 1.5 ஜிபி. 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அதை ஓட்டினால், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல்சிஸ்டத்தை அளந்ததாகவே ஆகாது. டேட்டாவை ரேமைப் போல இரண்டு மடங்காவது வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மெஷினை அணைத்து எழுப்புங்கள். ரேமில் இருப்பதைக் காலிசெய்ய லினக்ஸில் டிராப் கேஷஸ் இருக்கிறது, மேக்கில் பர்ஜ் இருக்கிறது. ஆனால் இயங்குதளங்களை ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் பொதுவானது மறுதொடக்கம் மட்டுமே.

அறிகுறி: முதல் சில நிமிடம் பறக்கிறது, அப்புறம் விழுகிறது

பத்து நொடிக்கு ஒரு தடவை நிலவரம் காட்டும்படி பிஜிபெஞ்சை ஓட்டுங்கள். கடைசியில் வரும் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. விழுகிற விதத்தைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விழுந்து மறுபடி ஏறினால் அது செக்பாயிண்ட்: ரேமில் மாறிய பக்கங்களை (டேட்டாவின் சிறு துண்டுகளை) டேட்டாபேஸ் டிஸ்க்கில் இறக்கும் நேரம். இயல்பான இடைவெளி ஐந்து நிமிடம். அதற்குள் பதிவேடு 1 ஜிபியை நெருங்கினால் இன்னும் சீக்கிரமே வரும். ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும், ஒரு பக்கத்தை முதல் தடவை மாற்றும்போது அந்த முழுப் பக்கத்தையும் பதிவேட்டில் எழுதுவதால் சுமை கூடும். இது கோளாறு இல்லை, டேட்டாபேஸின் இயல்பு. ஒரு நிமிடச் சோதனையில் செக்பாயிண்ட் வராமலே போகலாம். அப்படி வந்த எண் மண்டியில் நாள் முழுக்க ஓடும் டேட்டாபேஸுக்குப் பொருந்தாது. அரை மணி நேரத்துக்குக் குறைந்த எழுத்துச் சோதனையை நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே தடவை விழுந்து, பிறகு ஏறவே இல்லையென்றால் எஸ்எஸ்டியைப் பாருங்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் எழுத்தை முதலில் வாங்கிக்கொள்ள வேகமான ஒரு சிறு பகுதி உண்டு. அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வரும். டிஸ்க் ஏறக்குறைய நிறைந்திருந்தாலும், டிரிம் (அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ஆணை) ஓடாமல் இருந்தாலும் இதே கதை. இதில் ஒரு அநியாயமும் நடக்கும்: முதலில் சோதித்த இயங்குதளத்துக்குக் காலியான எஸ்எஸ்டி கிடைக்கும், கடைசியில் சோதித்ததற்குக் களைத்துப்போன எஸ்எஸ்டி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முழு டிஸ்க்கையும் டிரிம் செய்து, அதே அளவு டேட்டாவை நிரப்பி, சற்று நேரம் எழுதவிட்டு, பிறகு அளவீட்டைத் தொடங்குங்கள்.

மெதுமெதுவாக இறங்கினால் சூடு. ரங்கூனில் ஏப்ரல் மாதம் கரண்ட் இல்லாத மதியத்தில், ஏசி நின்றுபோன அறையில் ஓட்டிய சோதனையையும், விடியற்காலை ஓட்டிய சோதனையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சிபியு, எஸ்எஸ்டி இரண்டின் வெப்பநிலையையும் எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

சில நொடிகள் அப்படியே உறைந்து, பிறகு ஓடினால் லினக்ஸின் அழுக்குப் பக்கங்களைப் பாருங்கள். ரேமில் எழுதிவைத்து டிஸ்க்குக்குப் போகாமல் இருக்கும் பக்கங்கள் இவை. எவ்வளவு சேரலாம் என்பது இயல்பாக ரேமின் சதவீதமாக இருக்கிறது: பின்னணியில் எழுதத் தொடங்க 10, எழுதுபவரையே நிறுத்திவைக்க 20. பெரிய ரேமும் மெதுவான டிஸ்க்கும் சேர்ந்தால் மலையாகச் சேர்ந்து ஒரேயடியாகக் கொட்டும். சதவீதத்தை விட்டு, சில நூறு எம்பி என்று பைட் கணக்கில் வரம்பு வையுங்கள்.

அறிகுறி: கிளையண்டைக் கூட்டினாலும் எண் ஏறவில்லை

முதலில் பிஜிபெஞ்சின் அளவு எண்ணைப் பாருங்கள். இயல்பான சோதனையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் கிளை அட்டவணையில் ஒரு வரிசையை மாற்றும். அளவு 1 என்றால் அதில் இருப்பதே ஒரு வரிசை. முப்பது பேரும் ஒரே கல்லாப்பெட்டியின் முன் நிற்பதுபோல ஆகிவிடும், அங்கே ஃபைல்சிஸ்டம் எதுவாக இருந்து என்ன? அளவு எண் கிளையண்ட் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது.

அப்புறம் இணைப்பைப் பாருங்கள். லினக்ஸில் முகவரி எதுவும் தராமல் ஓட்டினால் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். லோக்கல்ஹோஸ்ட் என்று தந்தால் டிசிபி வழியாகப் போகும். டெபியன், உபுண்டு பொதிகளில் எஸ்எஸ்எல் இயல்பாகவே போடப்பட்டிருப்பதால் அந்த டிசிபி இணைப்பு மறையாக்கமும் செய்துகொண்டிருக்கும். சிறு படிப்பு வினவல்களில் இது நன்றாகவே தெரியும். ஒரு பக்கம் சாக்கெட், மறுபக்கம் மறையாக்கிய டிசிபி என்று வைத்துவிட்டு இயங்குதளத்தின் மேல் பழி போடக் கூடாது. எல்லாவற்றையும் டிசிபியில், எஸ்எஸ்எல் அணைத்து ஓட்டுங்கள்.

அறிகுறி: இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் மட்டும் மிக மோசம், அல்லது மிக அருமை

மோசமென்றால், இசட்எஃப்எஸின் பதிவு அளவைப் பாருங்கள். இயல்பு 128 கேபி, போஸ்ட்கிரஸின் பக்கம் 8 கேபி. ஒரு பக்கத்தை மாற்ற முழு 128 கேபியையும் படித்துப் புதிய இடத்தில் எழுத வேண்டியிருக்கும். 8 அல்லது 16 கேபியாகக் குறையுங்கள். அந்த மாற்றம் அதன்பின் எழுதும் கோப்புகளுக்குத்தான் செல்லும், அதனால் டேட்டாவை மறுபடி ஏற்ற வேண்டும். பிடிஆர்எஃப்எஸிலும் இதே நகலெடுத்து எழுதும் சுபாவம்தான். டேட்டா அடைவு காலியாக இருக்கும்போதே அதில் நகலெடுப்பை அணைக்கலாம். அப்படிச் செய்தால் அந்தக் கோப்புகளுக்குச் செக்சமும் சுருக்கமும் கிடைக்காது. அவற்றுக்காகத்தான் அந்த ஃபைல்சிஸ்டத்தைத் தேர்ந்தீர்கள் என்றால் ஒரு தடவை யோசியுங்கள்.

அருமையென்றால் சுருக்கம் காரணமாக இருக்கலாம். பிஜிபெஞ்ச் உருவாக்கும் வரிசைகளில் பெரும்பகுதி வெற்று இடைவெளி, அது சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். நம் உண்மையான பில்கள் அப்படிச் சுருங்காது. சொந்த டேட்டாவின் நகலை வைத்துச் சோதியுங்கள். இசட்எஃப்எஸில் சிங்க் அமைப்பை அணைத்துவிட்டால் வேகம் வரும் என்று யாராவது அறிவுரை சொன்னால், அது முதல் அறிகுறியில் பார்த்த அதே பொய்.

அறிகுறி: ஒரே வினவல், ஓர் இயங்குதளத்தில் மட்டும் வரிசைப்படுத்தல் மெதுவு

எங்களைப் போலப் பல எழுத்துகளில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் பர்மியப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர் எல்லாம் கலந்து கிடக்கும். பாக்கிப் பட்டியலைப் பெயர் வாரியாக எடுத்தால் ஓரிடத்தில் சட்டென்று வருகிறது, இன்னோரிடத்தில் இழுக்கிறது. டிஸ்க்கை ஒரு நாள் முழுக்கத் தோண்டினேன். டிஸ்க்குக்கு இதில் சம்பந்தமே இல்லை.

எழுத்து வரிசை விதியை போஸ்ட்கிரஸ் இயல்பாக இயங்குதளத்தின் நூலகத்திடமே கேட்கிறது. லினக்ஸில் அது ஜிலிப்சி, மற்ற இடங்களில் வேறு நூலகம். வேகமும் வேறு, வரிசையே கூட வேறு. சி என்ற எளிய வரிசையில் பைட்டுகளை நேரடியாக ஒப்பிடலாம். முதல் 8 பைட்டை வைத்தே பெரும்பாலான ஒப்பீடுகளை முடிக்கும் ஒரு குறுக்குவழியும் அதில் உண்டு. ஜிலிப்சியின் மொழி வரிசைகளில் தவறான விடை வந்ததால் அந்தக் குறுக்குவழியை நிறுத்திவிட்டார்கள். இதில் பர்மியப் பெயர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பெரியவர்களின் பெயருக்கு முன் வரும் 'ஊ' என்ற மரியாதைச் சொல் யூடிஎஃப் எட்டில் 6 பைட். 8இல் 6 அதிலேயே போய்விட்டால் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய மிச்சம் இரண்டு பைட்தான். மரியாதைச் சொல்லை அட்டவணையில் தனிப் பத்தியாகப் பிரித்தது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பழைய டேட்டா என்றால், யூனிகோடுக்கு ஒத்துவராத ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பர்மா 2019 அக்டோபர் 1 அன்றுதான் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய பதிவுகள் ஜாஜியிலேயே கிடக்கலாம். இரண்டும் கலந்த பத்தியை எந்த வரிசையில் அடுக்கினாலும் விடை தப்பாகத்தான் வரும். மாற்றிவிட்டு அளங்கள்.

ஒப்பீட்டுக்கு எல்லா இடத்திலும் சி வரிசை வையுங்கள். 17ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால் போஸ்ட்கிரஸுக்குள்ளேயே இருக்கும் வரிசையை வைக்கலாம், அது இயங்குதளத்தை நம்பி இருக்காது. இன்னொன்று: டேட்டா அடைவை ஒரு லினக்ஸிலிருந்து இன்னொரு லினக்ஸுக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28இல் வரிசை விதிகள் பெரிதாக மாறின. பழைய விதியில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய விதியில் தேடினால், இருக்கும் ஆளையே 'இல்லை' என்று சொல்லும். டம்ப் (டேட்டாவின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் எழுத்துப் பத்தி இன்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்டுங்கள்.

சின்ன அறிகுறிகள்

விண்டோஸில் எல்லாமே மந்தம்: வைரஸ் காவல் மென்பொருள் டேட்டா அடைவை ஒவ்வொரு தடவையும் திறந்து பார்க்கிறது. அந்த அடைவுக்கு விலக்கு கொடுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2இல் ஓட்டினால் டேட்டாவை லினக்ஸ் பக்கத்து டிஸ்க்கில் வையுங்கள். சி டிரைவுக்குள் வைத்தால் ஒவ்வொரு கோப்புச் செயலும் ஒரு பாலத்தைக் கடந்து போய்வரும்.

வினவலின் ஒவ்வொரு படிக்கும் ஆன நேரத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டால் மட்டும் மெதுவு: மெஷின் நேரம் பார்க்கும் முறை மெதுவாக இருக்கிறது. அதை அளக்கும் பிஜி டெஸ்ட் டைமிங் கருவியை ஓட்டிப் பாருங்கள், மெய்நிகர் இயந்திரங்களில் இது அடிக்கடி வரும்.

ஒரே சோதனை மூன்று தடவையும் மூன்று விடை: மடிக்கணினியா? கரண்டில் இருந்ததா, பேட்டரியில் இருந்ததா என்று பாருங்கள். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் பேட்டரிக்குப் போய், சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின் திட்டத்தை முழு வேகத்தில் நிறுத்தி, குறைந்தது ஐந்து தடவை ஓட்டி, நடு எண்ணை எடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

பிளக்கைப் பிடுங்குங்கள். உண்மையான கணக்கில் அல்ல, நகல் டேட்டாவில், போனாலும் பரவாயில்லை என்கிற டிஸ்க்கில். பேட்டரியில் ஓடும் ஒரு மடிக்கணினியிலிருந்து 1, 2, 3 என்று வரிசை எண்களைத் தொடர்ந்து பதியுங்கள். 'கமிட் ஆனது' என்ற பதில் வந்தபின்தான் அந்த எண்ணை மடிக்கணினி தன் கோப்பில் குறிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் ஒயரை இழுங்கள். இன்வெர்ட்டர் நடுவில் இருக்கக் கூடாது. எழுப்பியபின் டேட்டாபேஸில் உள்ள கடைசி எண்ணையும் மடிக்கணினியில் உள்ள கடைசி எண்ணையும் பாருங்கள்.

டேட்டாபேஸில் ஒன்று கூடுதலாக இருந்தால் சரி, கமிட் ஆகிப் பதில் வருவதற்குள் கரண்ட் போயிருக்கும். ஒன்றே ஒன்று குறைந்தாலும் அந்த அமைப்பில் எடுத்த எழுத்துவேக எண்கள் அத்தனையையும் அடித்துவிடுங்கள். ஒரு தடவை தப்பித்தது போதாது, பத்துத் தடவை இழுங்கள்.

மண்டியில் இப்போது ஓடுவது நேரடியாக நிறுவிய லினக்ஸ், எக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம், கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி. பழைய மெய்நிகர் இயந்திரம் காட்டிய எண்ணைவிட இது குறைவு. முதலாளியைப் பக்கத்தில் நிற்கவைத்து அவர் கையாலேயே பத்துத் தடவை ஒயரை இழுக்கச் சொன்னேன். பத்துத் தடவையும் கடைசி எண் இருந்தது. "சரி, இதையே வெச்சுக்க" என்றார்.